பௌர்ணமி நாளில் ஒரு ரிலே தேடித் திருவண்ணாமலை போனது

அன்று காலை கலா அக்காவிடம், "ஒரு பார்ட் போயிடுச்சுக்கா, டவுனுக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மட்டும்தான் சொன்னேன். நான் பெட்டியைப் பார்த்தபோது தெர்மாமீட்டர் நாற்பத்தொன்றரை டிகிரி காட்டியதைச் சொல்லவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தது என்று எனக்கே தெரியாது என்பதையும் சொல்லவில்லை. அவர் வந்து எட்டிப் பார்ப்பதற்குள் மூடியைத் திறந்து வைத்துவிட்டேன். எண் முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது.

அந்த அடைகாக்கும் பெட்டி நான் செய்தது. ஒரு தெர்மாகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன மின்விசிறி, சூட்டை அளந்து பல்பைத் தானாக ஏற்றி அணைக்கும் ஒரு சர்க்யூட். உள்ளே கலா அக்காவின் நாட்டுக்கோழி முட்டைகள் இருபத்தெட்டு. பொரிய இருபத்தொரு நாள் ஆகும். அன்று பதினாறாம் நாள். கீழ்பென்னாத்தூரில் அவருடையது எங்களுக்குப் பக்கத்து வீடு. முப்பது நாற்பது கோழி வைத்திருந்தவருக்கு, வெள்ளைக்கழிச்சல் நோய் வந்துபோன பிறகு ஐந்து பெட்டையும் ஒரு சேவலும்தான் மிஞ்சின. கோழியை அடை உட்கார வைத்தால் முட்டையிடுவதை நிறுத்திவிடும், பெட்டியில் வைத்தால் அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும் என்று யோசனை சொன்னது நான். அவர் ஒன்றுகூட வீட்டில் வைத்துக்கொள்ளாமல் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வாரம் சேவலும் செத்துப்போனது. ஆக, அவர் இத்தனை வருடம் வளர்த்த கோழிகளின் வழியில் இனி ஏதாவது வருமென்றால் இந்த இருபத்தெட்டிலிருந்துதான் வர வேண்டும்.

கெட்டுப்போனது ரிலே. சர்க்யூட்டின் சிறு மின்சாரத்தால் பல்பின் பெரிய மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் ஒரு குட்டி சுவிட்ச். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. குண்டு பல்பு எரியத் தொடங்கும் அந்த நொடியில் மின்சாரத்தை அள்ளி இழுக்கும். நான் போட்டிருந்த பத்து ஆம்பியர் ரிலே பதினைந்து நாள் தாங்கியது, பிறகு உள்ளே தகடுகள் வெல்டிங் செய்ததுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பல்பு அணையவே இல்லை. சூடு நாற்பதைத் தாண்டி அப்படியே நின்றால் முட்டைக்குள் குஞ்சு செத்துவிடும். முப்பது ஆம்பியர் போட்டிருக்க வேண்டும். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வர மூன்று நாள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் முடிந்துவிடும். பதினெட்டு கிலோமீட்டரில் இருக்கும் திருவண்ணாமலைதான் ஒரே வழி. அன்று பௌர்ணமி என்பது எனக்குத் தெரியும். கூட்டம் இருந்தால் கடைகளும் திறந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

பல்பின் ஒயரில் ஒரு சாதாரண சுவிட்சைப் பொருத்தி, கலா அக்காவை ஸ்டூலில் உட்கார வைத்தேன். முப்பத்தெட்டு வந்தால் அணைக்க வேண்டும், முப்பத்தேழு வந்தால் போட வேண்டும். பகலில் செய்துவிடலாம். ஐந்து ராத்திரி யாரும் விழித்திருக்க முடியாது.

"கோழியாவது ஒரு நாளைக்கு ஒரு வாட்டி எழுந்து மேயப் போவும். எனக்கு அதுகூட இல்ல போல" என்றார். "எப்போ வருவ பாப்பா?"

"மூணு மணிக்குள்ள வந்துடுவேன்க்கா."

பத்தேகால் மணிக்குத் தனியார் பேருந்து, டிக்கெட் இருபது ரூபாய். நிற்க இடம் கிடைத்ததே பெரிது. மற்ற நாட்களில் முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் இறக்கிவிடும் வண்டி, பௌர்ணமியன்று திண்டிவனம் சாலையில் ஊருக்கு வெளியே போட்டிருக்கும் தற்காலிக நிலையத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் ரயில் நிலையம் வரைதான் போயின. ஓட்டுநர் பக்கத்திலேயே இடம் கொடுத்தார்.

"கிரிவலமாம்மா? இப்பவே கெளம்பிட்டா வெயில்ல கால் வெந்துடும்."

"இல்லங்க. ஒரு எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கணும்."

திரும்பி என்னைப் பார்த்தார். "பௌர்ணமில சாமான் வாங்க வந்த மொத ஆளு நீதாம்மா. இன்னைக்கு எல்லாக் கடையிலயும் தண்ணி பாட்டிலுதான் விப்பாங்க."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். ரயில் நிலையத்திலிருந்து நடந்து, எப்போதும் வாங்கும் டி.வி. சர்வீஸ் கடைக்குப் போனால், பூட்டிய ஷட்டருக்கு முன் யாரோ கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். அடுத்து ஒரு மொபைல் உதிரிபாகக் கடை. ரிலே என்றதும், "அதெல்லாம் சென்னை போவணும்மா" என்று சொல்லி அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்கள். கலா அக்காவை அழைத்தேன். போகவில்லை. லட்சக்கணக்கான செல்போன்கள் ஒரே ஊரில் சேரும்போது சிக்னல் கட்டம் முழுசாகத் தெரியும், அழைப்பு மட்டும் போகாது. மறுபடி அழைத்தேன். அங்கே எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போனது.

எனக்கு எதிரே ஊரே வந்துகொண்டிருந்தது. வெறுங்கால்கள், தலையில் துண்டு, நெற்றியில் திருநீறு. எல்லாரும் ஏதோ ஒன்றைக் கேட்கத்தான் வருகிறார்கள். நானும் கேட்டிருக்கலாம். ஆனால் அந்த முட்டைகள் ஏற்கெனவே செத்திருந்தால் நான் கேட்பது எதற்கு என்று தோன்றியது. காலையில் ஒரு டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்திருந்தால் உள்ளே அசைவு இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்திருக்கும். டார்ச் மேசை மேலேயேதான் இருந்தது. நான் எடுக்கவில்லை.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்றாவது கடை. கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்கும் இடம். திறந்திருந்தது. வாசலில் அட்டை: 'செல் சார்ஜ் செய்யப்படும், ரூ. 20.' உள்ளே ஒரு நீள பெஞ்சு முழுக்கச் செல்போன்கள், நூறுக்குக் குறையாது. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதிய ஸ்டிக்கர். கடைக்காரர் ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பன்னெண்டு வோல்ட்டு ரிலே, முப்பது ஆம்ப்ஸ், இருக்குங்களா?"

"இருக்கு. ஆனா குடுக்க முடியாது." பெஞ்சுக்குப் பின்னால் சுவரோடு இருந்த டப்பா அடுக்கைக் காட்டினார். "அல்லாம் அதுக்குப் பின்னாடி. பெஞ்ச நவுத்துனா ஒயரு அத்தனையும் புடுங்கிக்கும். ஜனங்க வந்து என்ன உரிச்சிடுவாங்க. நாளைக்குக் காலைல வாம்மா."

"நாளைக்கு வந்தா பிரயோஜனம் இல்லங்க."

"இன்னா, நாளைக்கு எக்ஸிபிஷனா?"

"முட்டைங்க. அடை வெச்சது."

அவர் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. "எத்தினியாவது நாளு?" என்று கேட்டார்.

"பதினாறு."

"உயிரு வந்திருக்குமே." அவர் டோக்கன் புத்தகத்தைக் கீழே வைத்தார். "இன்னாய்யா சிரிக்கற? மாடிப்படிக்குக் கீழ பழைய ஸ்டெபிலைசர் கெடக்கே, அதுல இருக்காதா?"

"இருக்கும். வேலை செய்யும்னு நான் கேரண்டி தர மாட்டேன்."

"உன்ன யாரு கேரண்டி கேட்டா? எடுத்துக் குடு."

பிரிட்ஜுக்குப் போடும் ஸ்டெபிலைசர், துருப்பிடித்தது. திறந்தேன். மூன்று ரிலே. ஒன்று கருகியிருந்தது. மற்ற இரண்டின் மேலும் நான் தேடிய எண்கள். ஈயப் பற்றை உருக்கிப் பிடுங்கி எடுக்க சால்டரிங் அயர்ன் வேண்டும். அதைச் செருக ஒரு பிளக் பாயிண்ட்கூடக் காலியில்லை.

"எந்தப் போனக் கழட்டறது?" என்றார் கடைக்காரர், தன் பிள்ளைகளில் ஒன்றை நான் கேட்டுவிட்டதுபோல.

"இதுக்குத்தான் டோக்கன் இல்ல" என்று மனைவி ஒரு போனை உருவினார். அது கடைக்காரருடையது.

சந்தில் மேளமும் ஒலிபெருக்கியுமாக ஒரே சத்தம். ரிலே நல்லதென்றால் மின்சாரம் கொடுத்ததும் 'டக்' என்று கேட்க வேண்டும். அங்கே எதுவும் கேட்காது. பையிலிருந்த அடாப்டரை இணைத்து ரிலேயை விரல் நுனியில் வைத்துக்கொண்டேன். முதலாவதில் ஒன்றுமில்லை. கை வியர்த்திருந்ததால்தான் தெரியவில்லையோ என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது விரலுக்குள் துடித்தது. இருபது முப்பது முறை ஏற்றி அணைத்து, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தகடுகள் ஒட்டாமல் பிரிந்தன. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். "பொரிச்சா சொல்லு" என்றார் அந்த அம்மா.

மணி இரண்டேமுக்கால். கூட்டத்துக்கு எதிராக நடந்தே தற்காலிக நிலையத்துக்கு வந்தேன், ஒரு மணி நேரம். எல்லா வண்டிகளும் நிறைந்து வந்து காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தன. ஏறி உட்கார்ந்த பிறகு நடத்துநர் சொன்னார்: "ஸ்பெஷல் வண்டிம்மா. செஞ்சிலதான் நிக்கும். கீழ்பென்னாத்தூர்ல நிக்காது."

"ஒரு நிமிஷம் நிறுத்துனா போதுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"வண்டில நான் ஒருத்திதாங்க இருக்கேன்."

பின்னால் திரும்பிக் காலி இருக்கைகளைப் பார்த்தார். ஓட்டுநர் முன்னாலிருந்து, "ஸ்லோ பண்றேன், எறங்கிக்கட்டும். நல்ல நாளு அதுவுமா சாபம் வாங்காத" என்றார்.

ஊர் நெருங்கும்போதுதான் அழைப்பு போனது.

"எங்கடி போன? முப்பது வாட்டி அடிச்சேன்" என்றார் கலா அக்கா. "நடுவுல கரண்ட் போயி முப்பத்தஞ்சுக்கு வந்துட்ச்சு. போர்வையப் போட்டு மூடிட்டு மேல கைய வெச்சினு உக்காந்திருந்தேன். இப்போ முப்பத்தேழரை. கம்மியானா ஒண்ணும் ஆவாது இல்ல?"

"கம்மியானா தாங்கும்க்கா" என்றேன். அதிகமானால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்குப் புது ரிலேயைப் பொருத்தினேன். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பல்பு தானாக அணைந்து, தானாக எரிந்து, மறுபடி அணைவதை நான்கு முறை பார்த்த பிறகுதான் சாப்பிடப் போனார்.

திருவண்ணாமலையில் உதிரிபாகம் தேடுகிறவர்களுக்கு: சாதாரண நாளில் காலை பத்தரைக்கு மேல் போங்கள். ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், ரிலே, சின்ன டிரான்ஸ்பார்மர் எல்லாம் தேரடி வீதியை ஒட்டிய சந்துகளிலேயே கிடைக்கும். சென்சார் வகைகள் கல்லூரி நடக்கும் மாதங்களில் மட்டும், விலை கொஞ்சம் ஜாஸ்தி. கடையில் கிடைக்காததைப் பழைய ஸ்டெபிலைசரிலும் யு.பி.எஸ்.ஸிலும் தேடுங்கள், மல்டிமீட்டர் கையில் இருக்கட்டும். குண்டு பல்புக்குப் பத்து ஆம்பியர் ரிலே போடாதீர்கள். உயிருள்ள எதையாவது இயந்திரத்தை நம்பி வைக்கிறீர்கள் என்றால் இரண்டாவது ரிலேயை முதல் நாளே வாங்கி வையுங்கள். அன்று நாள் முழுக்க நான் ஒரு பொருளைத் தேடி ஓடியதாகத்தான் நினைத்திருந்தேன். உண்மையில், டார்ச்சை எடுத்துப் பார்க்காமலிருக்க எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அதே நேரத்தில் கலா அக்கா பெட்டியை விட்டு நகராமல் இருந்தார்.

இருபத்தோராம் நாள் மதியம் முதல் முட்டையில் கீறல் விழுந்தது. மறுநாள் மாலைக்குள் பதினொரு குஞ்சுகள் வந்தன. அதற்கு மேல் இரண்டு நாள் காத்திருந்தோம். மீதிப் பதினேழை உடைத்துப் பார்க்க வேண்டாம் என்றார் கலா அக்கா. கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தோம்.