ஒட்ட வெட்டிய தலை

முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு முதலில் போவது இடுப்பு. பொறுமையெல்லாம் அதற்கு அப்புறம்தான் போகும். ஒரு ஆளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து நிமிர்வதற்குள் இன்னொரு கட்டிலிலிருந்து "ஆயா" என்று குரல் வந்துவிடும். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கம் பாட்டியைத்தான் ஆயா என்போம். எண்பது வயதுக்காரர் என்னை அப்படிக் கூப்பிடும்போது, என்னோடு வேலை பார்த்தவள் சும்மா இருக்கமாட்டாள். "பேரப்புள்ள கூப்புடுதுக்கா, போயி என்னான்னு கேளு" என்பாள். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எரிச்சல்தான் கூட வரும்.

இல்லம் மந்தாரக்குப்பத்தைத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. முன்பக்க ஹால் ஆண்களுக்கு, பின்பக்க ஹால் பெண்களுக்கு. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடும்பம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சொந்த ஊரில் வீடு கட்டியவர்கள் அங்கே போனார்கள். போக மனமில்லாதவர்களும், போனால் பார்க்க ஆளில்லாதவர்களும் இங்கே வந்தார்கள். என் வீட்டுக்காரர் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். இவர்களுக்காவது காலி செய்ய ஒரு குவார்ட்டர்ஸ் இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பகல் ஷிப்டில் பெண்கள் பக்கத்துக்கு நானும், என்னைக் கேலி செய்தாளே அவளும், இரண்டே பேர். அவளுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமம். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். ஒரு பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு இவள் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெந்து, தோல் உரிந்து, கறுத்துப்போயிருந்தது. சோறு பிசையக்கூட முடியாமல் இருந்தவளுக்கு இங்கே வந்த பிறகுதான் கை கொஞ்சம் ஆறியது. "பீ மூத்திரம் அள்ளுனா கை நாறும், அவ்ளோதான். வேவாதுக்கா" என்று சொல்வாள். இந்த வேலையைச் சந்தோஷமாகச் செய்த ஒரே ஆள் அவள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

எங்களிடம் ஒரு கணவன் மனைவி இருந்தார்கள். அவர் மைன்ஸில் மண் வெட்டுகிற பெரிய மிஷின் ஓட்டியவர். பாத்ரூமில் விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பழகினால் நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும், "என் காலு போச்சு" என்று சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். பயிற்சி சொல்லித்தர வரும் பெண்ணை விரட்டி அடிப்பார். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுத்து இழுத்துக் கொண்டுவரவேண்டும். முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நிற்க எங்களுக்கு ஏது நேரம்? நாங்களே கேள்வி கேட்டு, நாங்களே பதிலும் சொல்லிக்கொண்டு போய்விடுவோம்.

தினமும் நாலு மணி டீக்கு அவரைப் பின்பக்க வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த அம்மாவையும் நாங்கள் வெளியே கொண்டுவந்து உட்காரவைப்போம். அவர் தினமும் பார்ப்பது மனைவியின் கூந்தலைத்தான். அந்த வயதிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும். பாதி நரை, ஆனால் நல்ல அடர்த்தி. வெள்ளிக்கிழமை என்றால் ஒரு முழம் மல்லிகை வாங்கிவரச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பார். "நாலு முழமா வாங்குனாதான் அந்த ஜடைக்குப் பத்தும்" என்று ஆண்கள் பக்கம் இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அது பெருமை.

படுக்கையில் கிடக்கும் பெண்களுக்கு முடியை ஒட்ட வெட்டிவிடுவது எங்கள் இல்லத்து வழக்கம். பேன் வராது, தலை காய நேரமாகாது, பின்மண்டையில் புண் வராது. ஒரு தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்துப் பின்னுகிற நேரத்தில் மூன்று பேரைக் குளிப்பாட்டலாம். இந்த அம்மாவுக்கு மட்டும் அவருக்குப் பயந்து விட்டுவைத்திருந்தோம். அந்தப் பங்குனியில் அந்த அம்மா தலையில் பேன் விழுந்து பக்கத்துக் கட்டில்களுக்கும் பரவியது. இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேடம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். "இதுக்கும் வெட்டிடுங்க. நான் சொல்றேன்ல" என்றார்கள். அந்த ஐயாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே என்றேன். "அதெல்லாம் நான் பேசிக்கிறேன்" என்று போய்விட்டார்கள். எங்கே பேசினார்கள்?

அன்று புதன்கிழமை. அவள் கத்திரிக்கோலைப் பிடித்தாள், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். மேலெல்லாம் முடி விழாமல் இருக்கப் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினோம். பேன் மருந்து பட்டுத் தாலிக்கயிறு ஊறிப்போனதால் அதையும் கழற்றி, தாலியைக் கிண்ணத்தில் போட்டு வைத்தோம். புதுக் கயிற்றில் மஞ்சள் தடவிக் கோர்த்துவிடலாம் என்று எண்ணம். முகத்தைத் துடைத்ததில் பொட்டும் போய்விட்டது. இதெல்லாம் எங்களுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்த வேலை. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நின்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. முன்பக்க ஹால் புழுங்குகிறது என்று ஆண்கள் பக்கத்து அட்டெண்டர் நாலைந்து பேரை வேப்பமரத்துக் காற்றுக்காகப் பின் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கதவு திறந்து கிடந்தது. அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் அதில் இருந்தார், பார்த்தார். வெள்ளைத் துணி, வெறும் நெற்றி, வெறும் கழுத்து, சிரைத்ததுபோல ஒரு தலை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்து, "நான் செத்துட்டனா?" என்று கேட்டார்.

பேன் ஐயா, மருந்து ஐயா, கயிறு மாத்தத்தான் கழட்டுனோம் ஐயா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். மறுநாள் காலை இட்லியையும் தள்ளினார். "கருமாதி முடிஞ்சவனுக்கு எதுக்குச் சோறு?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சுகர்காரர் வேறு. புதுக்கயிறு கட்டி, பெரிதாகக் குங்குமம் வைத்து, மல்லிகையைத் துணி நாடாவில் கோர்த்துத் தலையைச் சுற்றிக் கட்டி அந்த அம்மாவை நாற்காலியோடு கொண்டுபோய் நிறுத்தினோம். திரும்பியே பார்க்கவில்லை.

மேடம் எங்களை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். "ஞாயித்துக்கிழமை அவரு பையன் பெங்களூர்லேருந்து வர்றாரு. அப்பா சாப்பிடாம கெடந்தா நான் என்னன்னு பதில் சொல்றது? அதுக்குள்ள அவரைச் சாப்பிட வை. இல்லன்னா நீ வேற எடம் பாத்துக்க" என்று அவளைப் பார்த்துச் சொன்னார்கள். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "வெட்டச் சொன்னது யாரு மேடம்?" என்றேன். "கத்திரியப் புடிச்சது யாரு?" என்றார்கள். ஆகமொத்தம் எய்தவனை விட்டுவிட்டு அம்பை நோகிற கதை. அவள் வெளியே வந்து தன் உள்ளங்கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "திரும்பவும் கொட்ட ஒடைக்க என்னால முடியாதுக்கா. கை தாங்காது" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மெயின் ரோட்டில் காவடிக் கூட்டம். மேளச் சத்தம் இல்லத்துக்குள் கேட்டது. அவள் குப்பை கொட்டப் போனவள் கேட்டருகே அப்படியே நின்றுவிட்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். தாலியும் மஞ்சளுமாக, புருஷன் பக்கத்தில் நடக்க, மொட்டை போட்ட பெண்களும் அதில் இருந்தார்கள். அவள் குப்பைக்கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். மேடத்தின் சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தைக் குழைத்து எடுத்துப்போய் அந்த அம்மாவின் தலை முழுக்கப் பூசினாள். மஞ்சள் புடவை ஒன்றைத் தேடிச் சுற்றினாள். "ஏய், என்னாடி பண்ற?" என்று நான் கேட்டதற்கு, "நீ நாற்காலியத் தள்ளுக்கா" என்றாள்.

அவர் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தியதும், அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கொஞ்சம் திரும்பிப் பாருங்கய்யா. சொல்லக்கூடாதுன்னாங்க, அதான் பேனு அது இதுன்னு மழுப்பிக்கினு இருந்தோம். அம்மா முருகனுக்கு வேண்டிக்கினு முடி குடுத்திருக்காங்கய்யா. ஒங்க காலுக்கோசரம். நீங்க நடக்கணும்னு."

அவர் திரும்பினார். சந்தனம் பூசிய தலையை ரொம்ப நேரம் பார்த்தார். வாய் கோணியது. "பைத்தியக்காரி, என் காலுக்காடி இம்மாம் முடியக் குடுத்த?" என்று குழந்தை மாதிரி அழுதார். அந்த அம்மா வாயைத் திறந்தார். என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் அவள், "அம்மாவுக்கு வெக்கம்யா" என்று முந்திக்கொண்டாள். அவர் அன்று இரண்டு கிண்ணம் ரசம் சாதம் சாப்பிட்டார். அவள் ஊட்டினாள். எனக்கு நிம்மதியில் அங்கேயே படுத்துவிடலாம்போல இருந்தது.

அதோடு விட்டாரா? மறுநாள் காலை ஏழு மணிக்கே, "என்னைத் தூக்கி நிக்க வைங்க" என்று ஆரம்பித்துவிட்டார். பொண்டாட்டி கொடுத்த முடி வீணாகிவிடக்கூடாதாம். அட்டெண்டருக்கு முதுகுவலி. கடைசியில் நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும். வலியில் அவருக்கு வேர்த்துக்கொட்டியது, ஆனாலும் உட்காரமாட்டேன் என்கிறார். என் இடுப்பு விட்டுப்போனது. ஏன்டி, வேண்டுதலுக்குக் கை கால் நல்லா இருக்கிற ஆளாப் பாத்துச் சொல்லக்கூடாதா என்று அவளிடம் முனகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். தாயின் தலையைப் பார்த்ததும் முகம் மாறி, "யாரு இப்படிப் பண்ணது?" என்று கேட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்த ஐயா வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டார். உடம்பெல்லாம் நடுங்க நாலு அடி வைத்தார். "பாருடா. ஒங்கம்மா முடியக் குடுத்து வாங்குன காலு" என்றார். மகன் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதார். "எல்லாம் நாங்கதான் சார் ஏற்பாடு பண்ணோம்" என்று மேடம் கூசாமல் சொன்னார்கள். மகன் கைகூப்பினார். அந்த அம்மா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு அவள் வேலை தப்பித்ததே பெரிசு.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தோம். அவள் முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. தலையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, "பொசுக்குனு வளந்துடும்மா, கவலப்படாதீங்க" என்றாள். அந்த அம்மா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

"நா... ஒண்ணும்... வேண்டிக்கலியே" என்றார்.

அவள் துண்டைப் போட்டுவிட்டாள். "அம்மா, ஐயாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. எனக்கு இந்த வேலைய விட்டா வேற நாதியில்லம்மா" என்று காலில் விழப் போனாள். அந்த அம்மா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். அவருக்கு வேண்டியது அது இல்லை. இன்னும் என்னவோ பாக்கி இருந்தது, உதடு அதைத் தேடிக்கொண்டிருந்தது. அடுத்த கட்டிலிலிருந்து "ஆயா, ஆயா" என்று கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

"ஒரு வார்த்த... கேட்டிருந்தா... நானே... குடுத்திருப்பேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவ்வளவு அசதி. அவ்வளவு வெட்கம். மீதி உடம்பைத் துடைத்து, பவுடர் போட்டு, குங்குமம் வைத்துவிட்டேன்.

அன்று நாலு மணி டீக்கு அவர் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலிலிருந்து வராந்தா வரைக்கும் நடந்தே வந்தார். வந்து மனைவிக்கு எதிரில் மூச்சிரைக்க நின்றார். "வேண்டுதல் பலிச்சிடுச்சு, பாத்தியா?" என்று கேட்டார். நானும் அவளும் டீ டம்ளரோடு அப்படியே நின்றோம். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் காலைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.