எருக்கு நின்ற இடம்

அந்தக் குப்பை மேட்டில் புல்டோசர் ஓட்டுவது ஒரு பெண் என்று சொன்னால் யாரும் லேசில் நம்பமாட்டார்கள். லாரிகள் கொட்டிவிட்டுப் போவதைப் பரப்பி, சங்கிலிச் சக்கரத்தால் மிதித்து, மேலே மண் போர்த்துவது அவள் வேலை. முன்பு அதே மேட்டில் கோணியும் கையுமாகப் பாட்டில் பொறுக்கியவள்தான். பழைய ஓட்டுநர் திடீரென்று வேலையை விட்டு நின்றபோது, "யாருக்காவது இதை ஓட்டத் தெரியுமா?" என்று மேஸ்திரி கேட்டார். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருந்த அவள் கையைத் தூக்கினாள். மேஸ்திரி சிரித்தார். அவள் வண்டியைக் கிளப்பியதும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் மேட்டுக்காரி.

அவள் கணவர் அங்கேயே தண்ணீர் லாரி ஓட்டுகிறார். புழுதி அடங்கத் தெளிப்பார், புகை கண்டால் அணைப்பார். அந்த லாரியின் வலப்பக்கக் கதவு எப்போதோ கெட்டுப்போய், கண்ணாடியும் இறங்காமல், கம்பியால் கட்டிக் கிடந்தது. இடப்பக்கமாக ஏறி இறங்குவதே அவருக்குப் பழகிவிட்டது. அதைச் சரிசெய்யச் சொல்லி அவள் வாய் வலித்ததுதான் மிச்சம்.

எத்தனை வருடம் ஆனாலும் அந்த மேட்டில் அவளுக்கு அலுக்காத ஒன்று உண்டு. யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைத்து வருகிற செடிகள். எச்சில் தட்டிலிருந்து விழுந்த விதை தக்காளியாகப் படர்ந்திருக்கும். உடைந்த டிவிப் பெட்டிக்குள் நுழைந்த பூசணிக்கொடி, மறுபக்கம் மஞ்சள் பூவோடு எட்டிப் பார்க்கும். அவள் வண்டியை நிறுத்திவிட்டு வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"உன் தோட்டத்துல இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கணவர் கேட்பார்.

"பப்பாளி காய்ச்சிருக்குங்க. எதுக்குள்ள முளைச்சிருக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல. அதைப் பறிச்சு எனக்குக் குடுக்காம இருந்தா சரி."

அந்தச் செடிகளால் வேலைக்கும் பயன் இருந்தது. குப்பை மேடு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். வெளியே புகை வருவதற்குள் உள்ளே பாதி சாம்பலாகி, நிலம் பொந்தாகிவிடும். ஆனால் மேலே நிற்கிற செடிக்கு அது முன்னமே தெரியும், வாடிவிடும். அதனால் பச்சை இருக்கிற இடம் குளிர்ந்த இடம், அங்கே வண்டி போகலாம். இது மேட்டுக்காரியின் கணக்கு. லாரிக்காரர்கள் எல்லோரும் அதையே நம்பி ஓட்டினார்கள்.

ஒரு கோடைப் பிற்பகல் மேற்குச் சரிவில் புகை கிளம்பியது. காற்று, மேட்டை ஒட்டிய வீடுகளின் பக்கம் அடித்தது. தீயணைப்பு வண்டி வந்து சேர நேரமாகும் என்றார்கள். தண்ணீர் லாரி சரிவைக் கடந்தாக வேண்டும். புல்டோசரை மேலே நிறுத்திவிட்டு, அவள் வழி பார்க்க முன்னால் நடந்தாள். எங்கும் செடிகள் காய்ந்து கிடந்தன. நடுவில் எருக்குகள் மட்டும் ஒரு வரிசையாக, ஊதாப் பூக்களோடு தளதளவென்று நின்றன.

"எருக்கை ஒட்டியே வாங்க."

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உன் பின்னாலதானே வர்றேன்" என்றபடி கணவர் கியரை மாற்றினார்.

பாதி தூரம் வந்ததும் லாரியின் இடப்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. உடைந்த நிலத்திலிருந்து சூடான சாம்பலும் புகையும் பொங்கி எழுந்தன. லாரி அந்தப் பள்ளத்தின் மேலே சாய்ந்து நின்றது. திறக்கக்கூடிய ஒரே கதவுக்குக் கீழே நெருப்பு.

எருக்கு பாறையிலும் வாழும், பொட்டல் வெயிலிலும் வாழும். மற்றதெல்லாம் கருகினாலும் அது அசராது. அதன் பச்சையைப் பார்த்து நிலம் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அசையாதீங்க. இழுத்துடறேன்."

"சீக்கிரம் வாம்மா. கால் சுடுது."

ஓடிப்போய் புல்டோசரைக் கிளப்பினாள். இழுக்க வேண்டுமானால் அது நிற்க உறுதியான இடம் வேண்டும். இதுவும் புதைந்தால் எல்லாம் முடிந்தது. புகைக்கு நடுவே கண்ணை இடுக்கிச் சரிவைத் துழாவினாள். லாரிக்குப் பின்னால் ஓரிடத்தில், வழி பார்த்தபோது அவள் கண்ணில் படாத ஒரு தக்காளிச் செடி. நோஞ்சான் செடி, குண்டுமணி அளவில் இரண்டு காய்கள். ஆனால் இலை துவளவில்லை. கொஞ்சம் சூடு பட்டாலே தலை தொங்கிவிடுகிற செடி அது. அவள் வேறெதையும் பார்க்கவில்லை. செடியை ஒட்டி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். நிலம் தாங்கியது. இரும்புக் கயிற்றை லாரியின் பின்புறம் மாட்டி, மெல்ல மெல்ல இழுத்தாள். லாரி முனகியது, வழுக்கியது, பிறகு பள்ளத்தைவிட்டு ஏறி வந்தது.

கணவர் இறங்கி, முதல் வேலையாகக் குழாயைத் திறந்து பள்ளத்துக்குள் தண்ணீரைப் பாய்ச்சினார். பிறகு அதைப் புகை கிளம்பிய பக்கம் திருப்பினார்.

"அந்தக் கதவை..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"நாளைக்கே சரி பண்றேன், தாயே."

ஆவி அடங்கியதும் இருவரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். சாம்பலுக்கும் உருகிய பிளாஸ்டிக்குக்கும் நடுவே, எருக்கின் வேர் கை பருமனில் நேராகக் கீழே இறங்கியிருந்தது. ஒரு பழைய செருப்பைத் துளைத்து, இன்னும் கீழே, கண்ணுக்கு எட்டாத ஆழம் வரை. வேரின் மேற்பட்டை கரியாகியிருந்தது. சக்கரம் உரசிய இடத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று பால் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் எல்லாம் வெந்திருக்க, அது மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. தப்பு வழி காட்டினாளே என்று அவள் மேல் கோபப்பட நினைத்திருந்த கணவர் அதை மறந்துபோனார்.

அந்தப் பள்ளத்தை அவளே மண் போட்டு மூடி, மிதித்துச் சமன் செய்தாள். மழை வந்து போன பிறகு ஒரு காலையில் அதே இடத்தில், இறுகிய மண்ணைப் பிளந்துகொண்டு, எருக்கின் சாம்பல் பூத்த இரண்டு இலைகள் நின்றன. அவள் புல்டோசரின் முன்தகட்டைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனாள்.

கீழே தண்ணீர் லாரி வந்து நின்றது. வலப்பக்கக் கதவு படாரென்று திறந்தது.

"இன்னைக்கு யார் வழி சொல்றது, நீயா தக்காளியா?"

"தக்காளிதான்" என்றாள் அவள், அந்த இலைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே.