பாதியில் நிற்கும் கை

தெரு வளையும் இடத்தில் ஒரு கம்பம் நிற்கிறது. இன்டர்நெட் கேபிள் அதுவரை வந்து, சுருட்டிக் கட்டப்பட்டு, அங்கேயே தொங்குகிறது. வளைவுக்கு அந்தப் பக்கம் எல்லா வீடுகளுக்கும் இணைப்பு உண்டு. இந்தப் பக்கம் இருப்பது ஒரே வீடு. ஒரு வீட்டுக்காகப் புதுக் கம்பம் நட முடியாது என்று கேபிள்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயமான பதில்தான். அதனாலேயே எரிச்சல் கூடுகிறது, திட்டக்கூட வழியில்லை.

அந்த வீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். அண்ணனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பழைய சோபாக்களைப் பிரித்து, புது மெத்தையும் துணியும் வைத்துத் தைப்பது அவன் தொழில். சோபாக்களை அடுக்கக் கொட்டகை வேண்டுமென்றுதான் தெருக்கோடிக்கு வந்தார்கள். தங்கை அவனோடு கைகளால் பேசியே வளர்ந்தவள். அதுவே அவளுக்குப் பிழைப்பும் ஆயிற்று. மருத்துவமனையில் காது கேளாத நோயாளி ஒரு திரைமுன் உட்காருவார். மருத்துவர் பேசுவதை இவள் வீட்டிலிருந்தே சைகையில் சொல்வாள். நோயாளியின் சைகையை மருத்துவருக்குப் பேச்சாகச் சொல்வாள். படம் உறைந்து கை பாதியில் நின்றால், சொல்லும் பாதியில் நின்றுவிடும்.

சைகைமொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர்ச்சைகை உண்டு. அண்ணன் இவளுக்கு வைத்தது, இரு புருவத்துக்கும் நடுவே தோலைக் கிள்ளிக் காட்டுவது. சிடுமூஞ்சி என்று பொருள். மறுக்க அவளிடம் ஆதாரமில்லை. வேலை நடக்கும்போது கொட்டகையில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டால், அழைப்பு முடிந்த மறுநொடி அங்கே போய் நின்று கைகளால் பொரிவாள். "கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா? டாக்டர் என்ன சத்தம்னு கேக்கறார்!" அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டுவான்.

கைப்பேசி இணைப்பை வைத்து இத்தனை நாள் ஓட்டினாள். ஒருநாள் அவளுக்கு இந்த வேலை தரும் மேலாளர் அம்மா கூப்பிட்டார். "உங்க படம் அடிக்கடி நிக்குதுமா. இப்படியே போனா உங்க பேரை எடுத்துடுவாங்க. எனக்கும் மேல பதில் சொல்லணும்ல?"

அன்றே அண்ணனையும் இழுத்துக்கொண்டு கடைகடையாய் ஏறினாள். சிம் போட்டால் வீட்டுக்கு நெட் தரும் பெட்டி விற்கிறவர் முதலில் கேட்டது, "வீட்ல படம் நிறைய பாப்பீங்களா மேடம்?"

"நான் எதையும் பாக்கறது முக்கியமில்லங்க. அவங்க என்னைத் தெளிவாப் பாக்கணும்."

அவர் அவள் முகத்தை ஒருமுறை ஆராய்ந்தார். "ஓ, சேனல் நடத்தறீங்களா?"

டிஷ் விற்கிறவர் வானத்தையே காட்டினார். "செயற்கைக்கோள் மேடம். நேரா மேலேர்ந்து வருது."

"பெருமழை பெஞ்சா?"

"அப்போ கொஞ்சம் போகும். மழைன்னா எல்லாருக்கும்தானே?"

"மழை பெய்யுதுன்னு ஆஸ்பத்திரியில வலி நின்னுடுமா?"

மூன்றாவது ஆள் கூரையில் ஆன்டெனா பொருத்துகிறவர். தூரத்து டவர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், தெரியுமா தெரியாதா என்று வந்து பார்த்தால்தான் சொல்ல முடியும், வர நாளாகும் என்றார். மூவரில் நேர்மையாகப் பேசியவர் அவர்தான். ஆகவே அவரை விட்டுவிட்டார்கள். பெட்டி கையோடு கிடைத்தது, வாங்கி வந்தார்கள்.

சோதனையும் செய்தார்கள். அண்ணன் கடைத்தெருவுக்குப் போய் அங்கிருந்து வீடியோவில் அழைத்தான். நூல்கடைக்காரன் மட்ட நூலைத் தலையில் கட்டப் பார்த்த கதை, வாடிக்கையாளர் ஒருவர் நிறத்தை மாற்றிச் சொன்ன கதை என்று வெகுநேரம் கைகள் ஓடின. பிரமாதம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் வேலைநாளில் வயிற்றுவலிக்காரப் பெண்மணி ஒருவர் திரையில் வந்தார். அவர் கை வயிற்றின்மேல் வந்து உறைந்தது. வலி அங்கேயே நிற்கிறதா, மேலே ஏறுகிறதா? தங்கை மறுபடி கேட்டாள். மறுபடி உறைந்தது. மூன்றாவது முறை கேட்டபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாலையில் மேலாளர் சுருக்கமாக முடித்தார்: "இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிடணும்மா. அப்புறம் நான் தலையிட முடியாது."

தங்கை கொட்டகைக்குப் போனாள். "நல்லா இருக்குன்னு தலையாட்டினியே!"

"நீயும்தான் ஆட்டினே."

"சரி, வெளியே போய்க் கூப்பிடு. இப்பவே!"

இம்முறை அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். அது நிமிடத்துக்கு நாலு தடவை நின்றது. நூல்கடை என்று அவன் கை எழும்போதே மிச்சக் கதை முழுவதும் இவளுக்குத் தெரிந்துவிடுகிறது. இவள் புருவம் ஏறியதுமே பதில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. படத்திலிருந்த ஓட்டைகளையெல்லாம் பழக்கம் அடைத்திருந்தது. ஒருவரை நன்றாகத் தெரியும் என்கிறோமே, அதில் அவரைப் பார்க்காமல் விட்ட நேரம் எவ்வளவு என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

பெட்டி கடைக்குத் திரும்பியது. ஆன்டெனாக்காரரை நச்சரித்து வரவழைத்தார்கள். அவர் கூரையேறி, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே டவரின் தலை தெரிகிறது என்று கூவினார். அண்ணனை மறுபடி கடைத்தெருவுக்கு அனுப்பும்போது தங்கை விரலை ஆட்டி எச்சரித்தாள். "நூல் கதை வேணாம். எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லு. நான் ஊகிக்கவே முடியாததா."

அவன் முதலில் ஒரு கடைப்பலகையிலிருந்த தொலைபேசி எண்ணைச் சொன்னான். அவள் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னாள்.

"இது போதாது. வேற!"

திரையில் அவன் கைகள் மார்பளவுக்கு எழுந்து அப்படியே நின்றுவிட்டன.

"மறுபடி நின்னுடுச்சுங்க!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். "என்ன எழவு நெட்டோ!"

மேலே ஆன்டெனாவைத் திருப்பும் ஓசை கேட்டது. ஆனால் அண்ணனுக்குப் பின்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் குடையை விரித்தாள். படம் நிற்கவில்லை, அவன்தான் நின்றிருந்தான்.

"இருங்க, திருப்பாதீங்க!"

அண்ணன் கைகள் அசைந்தன. "இங்க ஒரு இடம் பாத்திருக்கேன். கொட்டகையை இங்க மாத்தப்போறேன். மேல ஒரு ரூம் இருக்கு. நான் மட்டும் வந்துடறேன்."

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவன் ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொன்னான்.

"ஏன்?"

"என் சுத்தியல் சத்தம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நீ கதவைத் திறந்து வர்ற முகத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன். ஒவ்வொரு ஆணியையும் பயந்து பயந்து அடிக்கறேன், சிடுமூஞ்சி. எனக்கும் ஒரு நாள் நல்லா அடிக்கணும்."

இத்தனை வருஷமும் அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்றே எண்ணியிருந்தாள்.

"உனக்குக் கொட்டகை வேணும்னுதானே இந்தப் பொட்டல்ல வந்து உக்காந்தேன்?" என்று கேட்டாள். "உனக்காகத்தானே இவ்வளவு அல்லாடறேன்?"

"தெரியும். அதான் இத்தனை நாள் சொல்லல." கொஞ்சம் தயங்கிச் சேர்த்தான்: "இங்க கேபிள் இருக்கு."

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

அண்ணன் சிரித்தான். சிரித்தபோது கண்ணோரம் விழுந்த சுருக்கம்வரை திரையில் தெரிந்தது.

"மேடம்!" கூரையிலிருந்து குரல் வந்தது. "படம் எப்படி? போல்ட்டை முடுக்கிடவா, இல்ல இன்னும் திருப்பிப் பாக்கட்டுமா?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முடுக்கிடுங்க. எல்லாம் தெளிவாத்தான் வருது."