கேட்காததால் தெரியாமல் போன விஷம்

எங்கள் வீட்டுக் கிணற்றை ஒட்டிய காலி மனையில் மண்டிக் கிடந்த புல்லுக்கு மனைக்காரர் களைக்கொல்லி அடித்தார். மழைக்குப் பிறகு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வளர்த்த என் தக்காளிச் செடிகளின் இலைகள் முறுக்கிக்கொண்டன. நாங்கள் குடிப்பதும் அதே தண்ணீர்தான். பயந்துபோய்ச் சோதனைக்குக் கொடுத்தேன். உப்பு அளவு சரி, கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. அதை நம்பித் தொடர்ந்து குடித்தோம். அதுதான் நான் செய்த தவறு.

புதிதாக வைத்த நாற்றும் சுருண்டதும் மறுபடி ஆய்வகத்துக்கு ஓடினேன். "களைக்கொல்லிய நாங்க தேடவே இல்லம்மா. அது தனி டெஸ்ட். மருந்து பேரு தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் அங்கிருந்த பெண்.

மனைக்காரரிடம் கேட்டேன். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குது. செடி சுருண்டதுக்கெல்லாமா வருவீங்க?" என்று சிரித்தார். அவர் கண்ணெதிரிலேயே மனைக்குள் இறங்கி, புல்லில் கிடந்த காலி டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்து வந்தேன்.

இந்த முறை அறிக்கையில் அந்த மருந்தின் பெயர் இருந்தது. மிகச் சிறிய அளவுதான், ஆனால் இருந்தது. அன்றே கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினோம்.

"வெளிய சொல்லாதீங்கம்மா, மனை விக்கணும்" என்று அறிக்கையைப் பார்த்ததும் கெஞ்சினார் மனைக்காரர்.

"சொல்லத்தான் போறேன்" என்றேன். கிணறு உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அறிக்கையைக் காட்டினேன்.

இப்போதெல்லாம் சோதனைக்குக் கொடுக்குமுன், எதையெல்லாம் தேடுவீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். அந்த மனையில் புல்லை ஆள் வைத்துத்தான் அறுக்கிறார்கள். மருந்தோடு யாராவது வந்தால், முதலில் என்னைத் தாண்டிப் போகட்டும்.

- க. செல்வி, முதலியார்பேட்டை