வாஹித் நானாவின் தொப்பி

இலங்கையின் பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த வாஹித் நானாவிடம் பேரம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளி விற்றே பெயர் எடுத்தவர். தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தவர் ஊரில் யாருமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து வாக்கில் மடுல்சீமைத் தோட்டத்து லிங்கத்தின் மேல் ஒரு வழக்கு. தோட்டத்து ஸ்டோரில் கம்பளி திருடிவிட்டான் என்று கங்காணி பிராது கொடுத்திருந்தார். அநியாயம்! அந்தக் கம்பளியை அவனுக்கு விற்றதே நானாதான். அவர் வந்து சொன்னால் லிங்கம் வீட்டுக்குப் போவான், இல்லையென்றால் ஜெயிலுக்கு. வேறு சாட்சி கிடையாது.

கோர்ட் வாசலில் சேவகர் வைரவநாதன் மறித்தார். லிங்கத்தின் தலைப்பாகை ஏற்கெனவே அவன் அக்குளில் சுருண்டிருந்தது.

"தொப்பியக் கழட்டுங்க நானா. தொர முன்னால தலையில ஒண்ணும் இருக்கக்கூடாது. சட்டம்."

"எந்தச் சட்டம்? ஆரு போட்ட?"

வைரவநாதன் தோட்டத்தில் பிறந்த மனுஷன். துரையைக் கண்டதும் எல்லோரும் தலைப்பாகையை அவிழ்ப்பதைப் பார்த்தே வளர்ந்து, அதைச் சட்டம் என்றே நம்பிவிட்டார். அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதுமில்லை.

உள்ளே நானாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். லிங்கத்தின் பெண்சாதி வடிவம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒரு தொப்பிக்காக எம் புருசன் ஜெயிலுக்குப் போகணுமாங்க? கழட்டிட்டுப் போயிருங்க."

நானா செருப்பை மட்டும் வாசலில் கழற்றிவிட்டுத் தொப்பியோடு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே ஓடிவந்து வைரவநாதன் முறையிட்டார். வெள்ளைக்கார நீதிபதி, ஏன் கழற்றவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"அல்லாஹ்வுக்கு முன்னால தொழ நிக்கக்குள்ளயும் இது தலையிலதான் இருக்கும் தொரெ. அங்க கழட்டாதத்த இங்க பயந்து கழட்டினா, பொறகு நான் செல்ற சாட்சிய ஆரு நம்புவாங்க?"

நீதிபதி சேவகர் பக்கம் திரும்பினார். அப்படி ஓர் உத்தரவு தான் போட்டதே இல்லை என்றார். சாட்சி பேசலாம் என்றும் சொன்னார்.

கோர்ட்டில் வைத்திருந்த கம்பளியின் மூலையில், கடை அடையாளமாகத் தன் கையாலேயே தைத்திருந்த பச்சை நூலை நானா காட்டினார். கங்காணியின் முகம் கறுத்துப்போயிற்று. லிங்கத்துக்கு விடுதலை.

விட்டால் போதுமென்று கும்பிட்டபடியே வெளியே நழுவப் பார்த்தவனை நானா பிடித்து நிறுத்தினார்.

"எங்க ஓடுற? தலப்பாவக் கட்டு."

"வெளிய போயி கட்டிக்கிறேங்க..."

"அப்பிடிச் சட்டமில்லண்டு தொரெயே செல்லிட்டார். இங்கயே கட்டு."

துரையும் கங்காணியும் பார்த்துக்கொண்டிருக்க, கோர்ட்டின் நடுவில் நின்று லிங்கம் தலைப்பாகையைக் கட்டினான்.