அக்காவுக்கு நான் எழுதிய முடிவு

மதிய இடைவேளையில் அக்கா தன் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலின் மேல் சாய்த்து வைப்பார். வலது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே, இடது கைச் சுண்டுவிரலால் திரையை மேலே தள்ளித் தள்ளிப் படிப்பார். இடது கால் எதிரிலிருக்கும் நாற்காலியின் மேல் நீண்டிருக்கும். அந்த முட்டி முழுதாக மடங்காது. சில பக்கங்களில் சிரிப்பார், சில பக்கங்களில் "அடச்சே" என்பார். சாப்பாடு முடிந்து கை கழுவி வந்ததும் அன்றைக்குப் படித்ததைப் பற்றிய தீர்ப்பு வரும். கேட்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது, என் பிரிவில் மூத்தவரான அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்லூரியில் வாலிபால் ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவர். ஆறடிக்கு ஓர் அங்குலமோ இரண்டோ குறைவு. பதிவேட்டு அறையின் கதவைத் தாண்டும்போது பழக்கத்தில் தலையைக் குனிந்துகொள்வார். அவர் படித்ததெல்லாம் செல்போன் செயலிகளில் தொடராக வரும் காதல் நாவல்கள். அதிலும் விளையாட்டு வீரர்களை வைத்து எழுதப்படும் கதை எதையும் விட்டதில்லை. விடாமல் படித்தார், விடாமல் திட்டினார்.

"எம்.டி.யா இருக்கான், இருபத்தெட்டு வயசு. ஒரு ஃபைல்ல கையெழுத்து போட மாட்டேங்கறான். எந்நேரமும் அவ பின்னாடியே சுத்தறான். அந்த கம்பெனி எப்படி டி ஓடுது?" என்பார். இது பொதுவான காதல் கதைகளைப் பற்றி. விளையாட்டுக் கதைகள் என்றால் குரலே மாறிவிடும். "ஹீரோ எப்பவும் கேப்டனாவே இருக்கணுமா? பெஞ்சுல உக்காந்திருக்கறவனுக்கு காதல் வராதா?" கதாநாயகி எப்போதும் பிசியோதெரபிஸ்ட்டாகவோ நிருபராகவோதான் வருகிறாள், அவள் ஆடுவதே இல்லை என்பது அவருடைய பெரிய குறை. ஆடுகிறவளாக யாராவது எழுதினால், இரண்டாவது அத்தியாயத்தில் அவளுக்குக் கால் சுளுக்கும், அவன் தூக்கிக்கொண்டு போவான். "சுளுக்குனா தூக்குவாங்க. ஜவ்வு கிழிஞ்சா யாரும் தூக்க மாட்டாங்க. டப்புனு ஒரு சத்தம் கேக்கும். அப்புறம் ஆட்டோ வர வரைக்கும் மண்ணுலதான் கெடக்கணும்."

ஒருமுறை சொன்னார்: "தைலம் தேச்சு விடற ஹீரோவ ஒருத்தியும் எழுதல பாரு. எங்க வீட்டுக்காரர் தினம் சாயந்தரம் ஸ்கூல்லருந்து வந்ததும் என் முட்டிக்குத் தேச்சு விடறார். இருவது வருஷமா. எழுதினா புஸ்தகத்துல தைல நாத்தம் வந்துடும்னு பயப்படறாளுங்க போல."

இவ்வளவு குறை சொல்கிறவர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "முடிவு நல்லா இருக்கும்னு மொதல்லியே தெரியும் இல்ல? வேற எதுல டி அப்படித் தெரியுது?" என்றார். காதல் கதைகளுக்கு இதைவிட நல்ல நியாயத்தை நான் கேட்டதில்லை.

அவரிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. அவர் திட்டிய எழுத்தாளர்களில் நானும் ஒருத்தி. கீழ்பென்னாத்தூரிலிருந்து காலையில் பேருந்தில் வரும் நேரத்தில், கைப்பேசியிலேயே தட்டச்சு செய்து, புனைபெயரில் தொடர்கதை எழுதிவந்தேன். முதல் கதையின் நாயகன் கபடி வீரன். அது வந்துகொண்டிருந்தபோது ஒரு மதியம் அக்கா எரிச்சலோடு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "ரைடரப் புடிக்க கோர்ட்டுல அஞ்சு பேர் இருக்கும்போது சூப்பர் டேக்கிள்ங்கறா. மூணு பேரோ கம்மியாவோ இருந்தாத்தான் சூப்பர் டேக்கிள். ஆட்டமே பாக்காம எழுதறா." என் காது சூடானது. மறுநாள் பேருந்தில் அந்த இடத்தைத் திருத்தினேன். பிறகு அதுவே வழக்கமாயிற்று. அவர் எதைக் குறை சொன்னாலும் நான் அடுத்த நாள் சரி செய்துவிடுவேன். செயலியிலும் அவர் என் கதைகளுக்குக் கீழே கருத்து எழுதுவார். வாலிபால் படம் போட்ட கணக்கு, நீள நீளமான வரிகள், மதியம் வாயால் சொன்னதேதான். என் கதைகள் தேறியது அவரால்தான். சொல்லியிருக்கலாம். முதலில் வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு, சொன்னால் அந்த நேர்மையான தீர்ப்பு நின்றுவிடும் என்று சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள். வரிசையில் ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் வந்தார். நல்ல உயரம், முன்தலை வழுக்கை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் காகிதங்கள். அவருடைய அப்பா இறந்துவிட்டார், நிலப் பட்டாவில் பெயர் மாற்ற வேண்டும். மனுவை வாங்கிய அக்கா, அதிலிருந்த பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாரிடமும் பேசும் அதே குரலில், "இறப்புச் சான்றிதழ் நகல் இல்லிங்க. அத வெச்சுக் குடுங்க" என்றார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போனார். அக்காவை ஏறிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான்.

அன்று மதியம் அக்கா கைப்பேசியைத் தொடவில்லை. நான் கேட்காமலேயே சொன்னார். கல்லூரியில் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே மைதானத்தில் பயிற்சி செய்த காலம். அக்கா பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டர். அந்த மனிதர் எகிறி அடிக்கும் அட்டாக்கர். இரண்டு அணியையும் கலந்து ஆடவிடும் நாட்களில் அக்கா தூக்கிப் போடும் பந்து எங்கே வரும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியுமாம். இரண்டு வருடம். இரண்டு வீட்டிலும் சொல்லிவிடலாம் என்று பேசி வைத்திருந்த நேரத்தில் ஒரு போட்டியில் அக்காவின் முட்டி போயிற்று. அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை சாத்துக்குடியோடு வந்தார். சென்னையில் வேலைக்கான தேர்வு இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். வேலை கிடைத்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. அவர் வரவில்லை.

"வராததுக்கு ஒரு காரணம் சொல்லி இருக்கலாம். மோசமான காரணமா இருந்தாக்கூடப் பரவால்ல" என்றார் அக்கா.

"உங்கள அடையாளமே தெரியலையாக்கா அவருக்கு?"

"உக்காந்திருந்தேன் இல்ல. ஒடம்பு போட்டுடுச்சு, கண்ணாடி வேற. எழுந்து நின்னிருந்தா அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். அவனவிட அர அங்குலம் நான்தான் ஜாஸ்தி."

"ஏங்க்கா நிக்கல?"

டிபன் பாக்ஸை மூடினார். "நிக்க வேணாம்னு தோணுச்சு. நிக்கல" என்றார். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரத் தவிர உன் ஒருத்தி கிட்டதான் சொல்லி இருக்கேன்" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. இந்த ஒரு சாக்கைத்தான் பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே எழுதத் தொடங்கினேன். ஊரை மாற்றினேன், அலுவலகத்தை வங்கியாக்கினேன். மைதானம், சாத்துக்குடி, டப்பென்ற சத்தம் எல்லாம் அப்படியே வந்தன. நான் எழுதியதிலேயே உயிருள்ள கதை அதுதான் என்று எழுதும்போதே தெரிந்தது. கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது கை தயங்கவில்லை. வாசகர்கள் எதற்காக வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். யாரையும் கட்டிக்கொள்ளாமல் இருபத்தைந்து வருடம் தனியாக இருந்த நாயகி, கவுன்டரிலிருந்து அவன் திரும்பிப் போகும்போது, வலிக்கும் முட்டியை ஊன்றி எழுந்து நிற்கிறாள். நாற்காலி நகரும் சத்தத்தில் அவன் திரும்புகிறான். அழுதுகொண்டே படித்தோம் என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அவற்றின் நடுவே வாலிபால் படத்துக்குப் பக்கத்தில் மூன்றே சொற்கள் இருந்தன: "முடிவு நல்லா இருக்கு."

அலுவலகத்துக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். போனேன். பிரிவில் மற்றவர்கள் தேநீருக்குக் கிளம்பும்வரை அக்கா காத்திருந்தார்.

"நீதானா?"

தலையசைத்தேன்.

"எங்க வீட்டுக்காரர எங்க டி போட்ட?" என்றார். குரலில் கோபமே இல்லை. காணாமல் போன ஒரு கோப்பைப் பற்றி விசாரிப்பது போலக் கேட்டார். "என் பொண்ணு எங்க? அந்த ரெண்டு பேரும் இருந்தா உன் கதை முடியாது, இல்ல?"

"மன்னிச்சிடுங்கக்கா. எடுத்துடறேன்."

"நான் நிக்கல டி. நிக்காம இருந்தது நானா எடுத்த முடிவு. அந்த விஷயத்துல நான் எடுத்ததுனு அது ஒண்ணுதான் இருந்துச்சு. மத்ததெல்லாம் அவன் எடுத்தது, முட்டி எடுத்தது. அதையும் நீ மாத்தி எழுதிட்ட."

அவ்வளவுதான் பேசினார். முன்னால் இருந்த மனுக்கட்டைப் பிரித்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

அன்றே கதையை நீக்கினேன். ஆனால் அதற்குள் யாரோ அதை முழுதாகப் படித்து ஒலிக்கதையாகப் போட்டிருந்தார்கள். நீக்கச் சொல்லி எழுதிக் கேட்டேன், அவர்கள் எடுக்கவில்லை. சில வாரம் கழித்து, காலைப் பேருந்தில் என் முன் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த பெண்ணின் கைப்பேசியிலிருந்து என் வரிகள் கேட்டன. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அக்கா அதன்பிறகு பதிவேட்டு அறையில் தனியாகச் சாப்பிட்டார். வேலை விஷயமாகக் கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்வார். என் தவறுகளை யார் முன்னாலும் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த மாறுதலில் போளூருக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தினமும் பேருந்தில் அவ்வளவு தூரம், அந்த முட்டியோடு ஏன் என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். சொல்லவில்லை.

சென்ற ஆண்டு அவருக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போனேன். பௌர்ணமி என்பதால் ஆட்டோ உள்ளே வரவில்லை. கூட்டத்துக்கு எதிராக நடந்து, கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. "வாங்க, உக்காருங்க" என்றார் அக்கா. அருகில் வாக்கர் நின்றது. அவருடைய கணவர் நலம் விசாரித்துவிட்டுக் காபி போட உள்ளே போனார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகள் என்னோடு சட்டென்று ஒட்டிக்கொண்டாள். அம்மாவின் உயரம் அப்படியே அவளுக்கு வந்திருந்தது.

"நீங்க கதையெல்லாம் படிப்பீங்களாக்கா? ஒரு வாலிபால் கதை கேட்டேன், ஆடியோல. அப்படியே எங்கம்மா மாதிரி ஒருத்தி. முட்டி அடிபடறதுகூட. கடைசியில செம அழுக. அம்மாவக் கேளுன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க."

நான் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாம் ஒரே மாதிரிதான் எழுதறாங்க. நீ போய் அப்பாவுக்குக் கூட மாட உதவி பண்ணு" என்றார் அக்கா. அவள் உள்ளே போனாள். ஒரு வார்த்தையில் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இப்ப என்ன படிக்கறீங்கக்கா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"படிக்கறதில்லிங்க. பாதி வரைக்கும் போவேன். ரெண்டு பேரும் சேரப் போறாங்கனு தெரிஞ்சதும், இது யாரு கதையோ, இதுக்காக அவ வீட்ல யார யார எடுத்துட்டாங்களோனு தோணிடுது. மூடிடறேன்."

காபி வந்தது. அக்கா ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். ஏதோ ஒரு தொடர், ஒரு பெண் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"இதுதான் பாக்கறேன். இதுல யாரும் சேர மாட்டாங்க. நிம்மதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். விளம்பரம் வரும்வரை நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.