பொரி உருண்டையில் உப்பு

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, படூரில் எங்கள் குடியிருப்புக்கு அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். நேரம் சரியாகத் தெரியும். வீட்டில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்க அப்போதே என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. எல்லோருடைய பிறந்த தேதியும் அதன் முதல் பக்கத்தில்.

அத்தை, அப்பாவின் தங்கை. ஒளியைப் பிரித்துப் பார்த்து, விண்மீன்கள் எவற்றால் ஆனவை என்று கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் இருந்தாள். முடிக்க இன்னும் ஓராண்டு தேவை. மாப்பிள்ளைக்கோ வெளிநாட்டு வேலை. தை மாதமே கல்யாணம் என்றார்கள். அவர்கள் ஜாதகம் பார்க்காத குடும்பம். அதனால் அத்தையின் வயதை அம்மா வாயால் சொன்னதே போதுமானதாக இருந்தது.

தீபத்துக்காகப் பிடித்துவைத்த பொரி உருண்டைகளைத் தட்டில் வைத்து, எல்லாம் வீட்டிலேயே பொரித்தது என்றாள் அம்மா.

மாப்பிள்ளையின் அம்மா செங்கல்பட்டுக்காரர். "இன்னாம்மா ஆராய்ச்சி பண்ற? எனக்குப் புரியற மாரி சொல்லு."

அத்தை ஓர் உருண்டையைக் கையில் எடுத்தாள். "வானத்துல இப்படி உருண்டையாத் திரண்ட விண்மீன் கொத்துங்க இருக்கு. ஒண்ணொண்ணுலயும் லட்சக்கணக்குல. எல்லாம் ஒரே சமயத்துல பொறந்ததுன்னு நெனச்சாங்க. பிரிச்சுப் பாத்தா சிலதுல சோடியம் அதிகம், ஆக்சிஜன் கம்மி. அதெல்லாம் இட்லி ஊத்துற மாதிரி ரெண்டாம் ஈடு. முதல் ஈடு வெளிய விட்ட வாயுவுல பொறந்திருக்கலாம். சரியா இன்னும் யாருக்கும் தெரியாது."

பிறகு சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டாள். "இதுலயும் ரெண்டு ஈடு இருக்கு. பொரி பத்தலன்னு அண்ணி கேளம்பாக்கத்துல வாங்கிக் கலந்தாங்க. கடைப் பொரியில உப்பு இருக்கும்."

அம்மா தரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஆமா, கரிக்குது. அப்ப உப்ப வச்சே வயச சொல்லிடுவியா?"

எனக்கு ஒரே குழப்பம். பிறந்த தேதியை எழுதிவைத்தால் தீர்ந்தது, உப்பு எதற்கு? "எங்கிட்ட எல்லார் வயசும் இருக்கு ஆன்ட்டி" என்று நோட்டைக் கொண்டுவந்து நீட்டினேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "முப்பத்திரெண்டு ஆவுதே. இருவத்தெட்டுன்னீங்க?"

அந்த அம்மாள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வயசுல ஒண்ணும் இல்லம்மா. பொய் இன்னாத்துக்கு?"

அவர்கள் படியிறங்கியதும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஐந்தேகால் மணி என்று அதையும் எழுதினேன். சரியான தேதியைக் காட்டியதற்கு ஏன் அடி என்று மட்டும் எழுதத் தெரியவில்லை.

மறுநாள் மாலை அத்தை என்னைத் திருவிடந்தைக் கடற்கரைக்கு அழைத்துப்போய்ச் சுண்டல் வாங்கித் தந்தாள். கோபமா என்று கேட்டேன்.

"உன்மேல எனக்கு எதுக்குடி கோபம்?" என்றவள், தன் பங்குச் சுண்டலையும் என் பொட்டலத்தில் கொட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே தப்பு என்று முதல் பக்கத்தைப் பார்த்தேன். எல்லாத் தேதிகளும் என் பென்சில் எழுத்தில் இருந்தன. அத்தையுடைய தேதியின் மேல் மட்டும் நீல மையால் அழுத்தி எழுதி, ஆண்டுக்கு அடியில் கோடும் போட்டிருந்தது. 'சனி, காலை பத்து மணி: அத்தை நோட்டை வாங்கினாள். பத்தேகால்: திருப்பித் தந்தாள்' என்று உள்ளே நானே எழுதியிருந்தேன்.

பென்சில் எழுத்து அழிந்துவிடும் என்று பயந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.